அலகு ஆடினால் கத்தி பழுதா?

மடக்குக் கத்தி வாங்குபவர் கடையிலேயே ஒரு சோதனை போடுவார். கத்தியை விரித்து, பிடியை ஒரு கையிலும் அலகின் முதுகை மறு கையிலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பார். முனை லேசாக அசைந்தால் போதும்: "வேலைப்பாடு சரியில்லை, பூட்டு ஒருநாள் காலை வாரிவிடும்." பிடியின் முதுகில் பூட்டு உள்ள லாக்பேக் கத்திகள்மேல் இந்தப் பழி அதிகம் விழுகிறது. இதில் பெரும்பகுதி தவறு.

முதலில் வேலைப்பாடு. அமெரிக்காவின் பக் நிறுவனம் 1964-இல் கொண்டுவந்த 110 மாடல்தான் இந்தப் பூட்டை உலகமெங்கும் பிரபலமாக்கியது. பிடியின் முதுகில் ஓர் எஃகுப் பட்டை, நடுவில் ஓர் ஆணி. சீசாப் பலகை மாதிரி அசையும். பின்முனையை ஸ்பிரிங் மேலே தள்ள, முன்முனையின் கொக்கி அலகின் அடியிலுள்ள பள்ளத்தில் விழுகிறது. வழக்கமான லாக்பேக்கில் அலகு மடங்காமல் பிடிப்பதும் அந்தக் கொக்கிதான், அளவுக்கு மீறி விரியாமல் தடுப்பதும் அதே கொக்கிதான். பட்டை திரும்ப வேண்டுமானால் துளை ஆணியைவிடத் துளியாவது பெரிதாக இருந்தே தீர வேண்டும். அந்தத் துளிதான் முனையில் பெரிதாகத் தெரிகிறது. அலகு சுழலும் ஆணியிலிருந்து கொக்கி 8 மி.மீ. தூரத்திலும் முனை 100 மி.மீ. தூரத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கொக்கியில் 0.04 மி.மீ. இடைவெளி இருந்தால் முனை அரை மில்லிமீட்டர் ஆடும். தலைமுடியைவிட மெல்லிய இடைவெளிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்!

ஆடும் பூட்டு நழுவிவிடும் என்பது அடுத்த வாதம். ஆட்டம் வேறு, நழுவல் வேறு. வெட்டும்போது பொருள் அலகை விரியும் திசையில்தான் தள்ளுகிறது. அப்போது ஆட்டம் கைக்கே தெரியாது. கத்தி செருகிக்கொண்டு திருகி இழுக்கும்போதோ முதுகில் அழுத்தம் விழும்போதோதான் பூட்டுக்கு உண்மையான வேலை. அந்த நேரத்தில் கைவிடும் பூட்டு பெரும்பாலும் கொக்கி முழுதாகப் பள்ளத்தில் இறங்காத பூட்டுதான். காரணம் சட்டைப்பையின் பஞ்சும் தூசியும். இல்லையென்றால் இறுக்கிப் பிடித்த உள்ளங்கை பட்டையின் பின்முனையை அமுக்கியிருக்கும். கை இப்படி அமுக்கிவிடாமல் இருக்கவே டேவிட் பாய் என்ற கத்திக் கலைஞர் பட்டையில் ஒரு குழிவை வெட்டினார். ஸ்பைடர்கோ கத்திகளில் இன்றும் அதைப் பார்க்கலாம். ஆட்டத்தை மட்டும் சோதிப்பவர் இந்த இரண்டையும் கவனிப்பதே இல்லை.

அலகு சுழலும் இடத்திலுள்ள திருகை இறுக்கினால் ஆட்டம் சரியாகிவிடும் என்கிறார்கள். பக்கவாட்டு ஆட்டம் குறையும், அவ்வளவுதான். மேல்கீழ் ஆட்டத்துக்கும் அந்தத் திருகுக்கும் சம்பந்தமில்லை. அதிகம் இறுக்கினால் அலகு பிடித்துக்கொண்டு கடைசிவரை விரியாது; கொக்கியும் இறங்காது. ரிவெட் அடித்த கத்தியைச் சுத்தியலால் தட்டி இறுக்குகிறவர்களும் உண்டு. பிடி பிளந்துபோனால் பிறகு வருந்திப் பயனில்லை.

நல்ல லாக்பேக் துளியும் ஆடாது என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஆண்ட்ரூ டெம்கோ வடிவமைத்து கோல்ட் ஸ்டீல் கத்திகளில் வந்த ட்ரை-ஆட் பூட்டு பெரும்பாலும் ஆடுவதில்லை. ஆனால் அதை எப்படிச் சாதித்தார்? அலகுக்கும் கொக்கிக்கும் நடுவே தனியாக ஒரு தடுப்பு ஆணி வைத்தார். பட்டையின் துளையை வேண்டுமென்றே நீளவாக்கில் தளர்த்தினார். தேய்மானம் ஏற்பட்டாலும் பட்டை தானே நகர்ந்து அமர்ந்துகொள்ளும். அதாவது, ஆட்டத்தை நீக்கவே உள்ளே ஓர் இடத்தில் தளர்வு தேவைப்பட்டிருக்கிறது. அந்தத் தடுப்பு ஆணி இல்லாத கத்தியிடம் அதே உறுதியை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

எல்லா ஆட்டத்தையும் நான் மன்னிக்கச் சொல்லவில்லை. புதிதாக ஆட்டம் தொடங்கி மாதாமாதம் கூடிக்கொண்டே போனால் கொக்கி தேய்கிறது என்று அர்த்தம். அந்தக் கத்தியை ஒதுக்கிவிடுங்கள். மற்றபடி, கத்தியை விரித்ததும் பட்டை பிடியின் முதுகோடு எப்போதும்போல் அமர்ந்திருக்கிறதா, துருத்திக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். துருத்தினால் பல்குத்தும் குச்சியால் பள்ளத்தைச் சுத்தம் செய்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். பிறகும் துருத்தினால் அதை வைத்து எதையும் வெட்டாதீர்கள்.