எல்லோரும் அட்மின் என்றால் பழி யார் மீது?

எங்கள் ஊரில் என் நண்பர் ஒருவர் அசைவ ஹோட்டல் நடத்துகிறார். பதினான்கு டேபிள், ஒரு பார்சல் கவுண்டர், கல்லாவில் ஒரு கம்ப்யூட்டர், சமையல்கட்டில் ஒரு கே.ஓ.டி. பிரிண்டர். சர்வர் எடுக்கும் ஆர்டர் உள்ளே சீட்டாக வந்து விழுமே, அதுதான் கே.ஓ.டி. (சர்வர் என்றால் இங்கே இலை போட்டுப் பரிமாறுபவர், கம்ப்யூட்டர் சர்வர் அல்ல!) அந்த ஹோட்டலில் பில்லிங் சாப்ட்வேர் போட்டுக் கொடுத்தவன் நான்தான். இன்ஸ்டால் செய்த அன்று யூசர் நேம் அட்மின், பாஸ்வேர்ட் 1234 என்று வைத்தேன். "அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். கம்ப்யூட்டர் தொழிலில் இந்த "அப்புறம்" வந்ததே இல்லை. இரண்டே வாரத்தில் அந்த 1234-ஐ ஒரு சீட்டில் எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிவிட்டார்கள்.

எட்டு மாதம் ஒரு பிரச்னையும் இல்லை. பிறகு ஒரு மாதக் கடைசியில் நண்பர் போன் செய்தார். அந்த மாதத்தில் மட்டும் 37 பில்கள் பிரிண்ட் எடுத்த பிறகு கேன்சல் ஆகியிருந்தன. எல்லாம் இரவு ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள். தொகை பதினோராயிரத்துக்குச் சற்று அதிகம். இரவு கல்லாவில் உட்காருவது ஓர் இளைஞர். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் இருக்கும். அவரைக் கூப்பிட்டு விசாரித்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"ராத்திரி கல்லாவுல இருந்தது நீதானப்பா?"

"இருந்தது நான்தாண்ணே. ஆனா கேன்சல் பண்ணதெல்லாம் நான் இல்லண்ணே. கேப்டனும் பண்ணுவாரு. நீங்களே வந்து பண்ணுவீங்க."

அவர் சொன்னது பொய் இல்லை. ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தோம். "கேன்சல் செய்தவர்" என்ற இடத்தில் 37 முறையும் ஒரே பெயர்: அட்மின். அவர் எடுத்தார் என்று நண்பரால் காட்ட முடியவில்லை. எடுக்கவில்லை என்று அவராலும் காட்ட முடியவில்லை. மூன்றாம் நாள் அவர் வேலைக்கு வரவில்லை. கல்லாவில் கை வைத்து மாட்டிக்கொண்டார் என்று கடைத்தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது.

மனசு கேட்காமல் அந்த வாரக் கடைசியில் டேட்டாவை ஒரு காப்பி எடுத்து வீட்டில் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். 37-இல் 24 கேன்சல்களுக்குப் பக்கத்திலேயே, இரண்டு மூன்று நிமிட இடைவெளியில், அதே டேபிளுக்கு இன்னொரு பில் இருந்தது. அதாவது பேப்பர் சிக்கியிருக்கும், அல்லது கடைசி நேரத்தில் ஒரு ஆம்லெட் சேர்த்திருப்பார்கள், அல்லது ஒரே பில்லை இரண்டாகப் பிரித்துக் கேட்டிருப்பார்கள். பழைய பில்லைக் கேன்சல் செய்துவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். திருட்டு அல்ல, அன்றாட வேலை. மீதி 13 பில்கள் யார் செய்தது, ஏன் செய்தது என்பது இன்றுவரை தெரியாது. நண்பரிடம் சொன்னேன். அந்த இளைஞருக்குப் போன் செய்தார், அவர் எடுக்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், ஊழியர்களுக்குத் தனித்தனி லாகின் வைக்கச் சொன்னால் முதலாளிகள் பலரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "நம்ம பசங்க சார், நம்பிக்கையான பசங்க. அவங்க மேல சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும்." இது தலைகீழான வாதம் என்பது என் கருத்து. பாஸ்வேர்ட் பொதுவாக இருந்தால் பணம் குறையும் நாளில் எல்லோருமே சந்தேகத்துக்கு ஆளாகிறார்கள். அதிலும் யார் புதியவரோ, யாருக்கு ஊரில் ஆள் இல்லையோ, அவர் தலையில்தான் விழும். தனி லாகின் என்பது முதலாளியின் பூட்டு அல்ல, தொழிலாளியின் சாட்சி.

பாஸ்வேர்ட் கம்ப்யூட்டருக்குள் வந்த கதையே இதைத்தான் சொல்கிறது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் சி.டி.எஸ்.எஸ். என்ற சிஸ்டத்தை உருவாக்கினார்கள். ஒரே பெரிய கம்ப்யூட்டரைப் பல பேர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. ஒருவர் பைல் இன்னொருவர் பைலோடு கலக்கக் கூடாது, ஒருவர் நேரம் இன்னொருவர் கணக்கில் ஏறக் கூடாது என்பதற்காகத்தான் ஆளுக்கொரு பாஸ்வேர்ட் கொடுத்தார்கள். உள்ளே இருப்பவர்களைப் பிரித்துக் காட்டவே பாஸ்வேர்ட் வந்தது. நம் ஹோட்டல் கல்லாவும் பலர் பகிரும் ஒரே கம்ப்யூட்டர்தானே?

அடுத்த ஆட்சேபம் நேரம் பற்றியது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு வாசலில் இருபது பேர் நிற்கும்போது யார் லாக்-ஆப், லாக்-இன் செய்துகொண்டிருப்பது? நியாயமான கேள்வி. ஆனால் இன்று ஹோட்டல் சாப்ட்வேர்கள் பலவற்றில் நீளமான பாஸ்வேர்ட் அடிக்க வேண்டியதில்லை. நான்கு இலக்க பின் நம்பர் போதும். சிலவற்றில் கார்டைக் காட்டினால் போதும். பில்லைத் தொடங்கும்போது ஒரு பின், அவ்வளவுதான். செல்போனைத் திறக்க ஒரு நாளைக்கு ஐம்பது முறை செய்வதை இங்கேயும் செய்கிறோம்.

பின் நம்பர் கொடுத்தாயிற்று. யாருக்கு எதை அனுமதிப்பது? இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். சாப்ட்வேரில் பர்மிஷன் பக்கத்தைத் திறந்தால் நாற்பது ஐம்பது டிக் பெட்டிகள் இருக்கும். அதைப் பார்த்ததுமே தலை சுற்றி, எல்லாவற்றுக்கும் டிக் போட்டு மூடிவிடுவார்கள். ஆளைப் பார்த்து டிக் போடாதீர்கள், வேலையைப் பார்த்துப் போடுங்கள். சர்வர், கேப்டன், கேஷியர், மேனேஜர், முதலாளி என்று ஐந்து ரோல் உருவாக்கினால் போதும். புதிதாக ஓர் ஆள் சேர்ந்தால் அவரை ஒரு ரோலில் சேர்ப்பதோடு வேலை முடிந்தது. சர்வர் ஆர்டர் போடலாம், ஆனால் விலையைத் தொட வேண்டியதில்லை. கேஷியர் பில் போட்டுப் பணம் வாங்கலாம், ஆனால் நேற்றைய பில்லைத் திருத்த வேண்டியதில்லை. வேலைக்குத் தேவையான அளவு அதிகாரம் மட்டும் போதும் என்ற இந்தக் கொள்கையை சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1975-லேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

கே.ஓ.டி. போகும் முன், போன பின் என்று ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். சமையல்கட்டுக்குச் சீட்டு போகாதவரை சர்வர் எத்தனை முறை மாற்றினாலும் நஷ்டம் இல்லை. சீட்டு போய் மாஸ்டர் கல்லில் மாவை ஊற்றிவிட்டால் அது சரக்கு. அதற்குப் பிறகு ஒரு ஐட்டத்தை நீக்கினால் பெயரும் காரணமும் பதிவாக வேண்டும். பில் பிரிண்ட் ஆன பிறகு கேன்சல் என்றால் இன்னும் ஒரு படி மேலே. டிஸ்கவுண்ட், பில்லை மறுபடி பிரிண்ட் எடுப்பது, விற்பனை இல்லாமல் கல்லாப்பெட்டியைத் திறப்பது ஆகிய மூன்றையும் இதே கண்ணோடு பாருங்கள். பணம் வாங்கிய பில்லையே மறுபடி பிரிண்ட் எடுத்து இன்னொரு டேபிளில் வைப்பது மிகப் பழைய தந்திரம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. எல்லாவற்றையும் இழுத்துப் பூட்டாதீர்கள். நண்பர் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கோபத்தில் கேன்சல் செய்யும் அதிகாரத்தை மேனேஜருக்கு மட்டும் வைத்தார். என்ன ஆயிற்று? மேனேஜர் மார்க்கெட்டுக்குப் போன நேரத்தில் ஒரு பில் தப்பாகிவிட்டது. போன் செய்து கேட்டார்கள். அவர் தன் பின்னைச் சொல்லிவிட்டார். ஒரே வாரத்தில் பாத்திரம் கழுவும் பையன் வரை அந்த நான்கு எண்களும் தெரிந்துவிட்டன. பழையபடி எல்லோரும் அட்மின், பெயர் மட்டும் மேனேஜர்! ஆகவே சின்னத் தப்புகளைத் திருத்தும் அதிகாரத்தைக் கல்லாவில் இருப்பவரிடமே தாராளமாகக் கொடுங்கள். முந்நூறு ரூபாய்க்குள் என்றால் கேஷியரே கேன்சல் செய்யட்டும், காரணத்தை எழுதட்டும், அவர் பெயரில் பதிவாகட்டும். மறுநாள் காலை டீ குடிக்கும் நேரத்தில் அந்த லிஸ்டை ஒரு பார்வை பாருங்கள். அதிகாரத்தைக் குறைப்பதை விட, பதிவைப் படிப்பதுதான் முக்கியம் என்று நான் சொல்வேன். லாக் இருந்தும் அதைத் திறந்தே பார்க்காத முதலாளிகள்தான் நான் பார்த்தவர்களில் அதிகம்.

வேலையை விட்டுப் போனவர்களின் கணக்கை என்ன செய்வது? டெலீட் செய்யாதீர்கள். டிஸேபிள் செய்யுங்கள், அன்றே செய்யுங்கள். டெலீட் செய்தால் சில சாப்ட்வேர்களில் பழைய பில்களில் அவர் பெயரும் சேர்ந்து காணாமல் போகும். போனவரின் பின்னைப் புதிதாக வந்தவருக்குக் கொடுப்பதும் கூடாது. ஆன்லைன் ஆர்டர் வரும் டேப்லெட்டையும் மறந்துவிடாதீர்கள். அதன் ஓ.டி.பி. பழைய மேனேஜரின் செல்போனுக்குப் போய்க்கொண்டிருந்தால், கடையின் ஒரு சாவி இன்னமும் அவர் பாக்கெட்டில் இருக்கிறது என்று அர்த்தம்.

சாப்ட்வேருக்குள் இவ்வளவு செய்துவிட்டு விண்டோஸைத் திறந்து போட்டிருப்பவர்களும் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இன்ஸ்டால் செய்யும்போது உருவாக்கும் யூசர் எல்லாமே அட்மினிஸ்ட்ரேட்டராக இருக்கும், பாஸ்வேர்டும் இருக்காது. எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் 2014-லேயே ஆதரவை நிறுத்திவிட்டாலும் அந்தப் பழக்கம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. கல்லா கம்ப்யூட்டரில் ஸ்டாண்டர்ட் யூசர் ஒன்றை உருவாக்கி அதில்தான் பில்லிங்கை ஓட்ட வேண்டும். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போனால் இதற்கான வசதி இருக்கிறது. இல்லையென்றால் டேட்டா போல்டரையே யாரும் காப்பி எடுக்கலாம், அழிக்கலாம். கம்ப்யூட்டரின் தேதியை மாற்றி பில் போடவும் முடியும். சில பழைய பில்லிங் சாப்ட்வேர்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் இல்லாமல் ஓட மறுக்கும். அப்படியானால் விற்றவரைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல்லுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். பத்தாவது படிக்கும் பையனும் அப்பாவின் பேங்க் வேலையும் ஒரே அட்மின் கணக்கில்!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குக் கோபம் வரலாம். லாக் வேண்டாம் என்று சொல்லும் முதலாளிகளில் சிலர் பசங்களின் மனசு நோகும் என்று கவலைப்படுபவர்கள் அல்ல. இரவில் பத்துப் பில்லை அழித்துவிட்டு ஜி.எஸ்.டி. கணக்கைக் குறைத்துக் காட்டும் வசதி போய்விடுமே என்பதுதான் அவர்கள் கவலை. இது உலகம் முழுக்க உள்ள வியாதி. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2011 நவம்பர் முதல் உணவகங்கள் விற்பனையைப் பதிவு செய்ய அரசு குறிப்பிட்ட தனிக் கருவியைப் பொருத்துவது கட்டாயம் ஆனது. நம் நாட்டில் கம்பெனிகள் சட்டத்தின் கீழ் வரும் கம்பெனிகளுக்கு, செய்த மாற்றத்தையெல்லாம் பதிவு செய்யும், நிறுத்த முடியாத எடிட் லாக் உள்ள அக்கவுண்டிங் சாப்ட்வேர் 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். தனிநபர் நடத்தும் சிறிய ஹோட்டல்களுக்கு அந்த விதி பொருந்தாது. ஆனால் முதலாளியே பில்லை அழித்துப் பழக்கினால், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊழியர் என்ன கற்றுக்கொள்வார்? முதலாளியின் லாகினுக்கும் டெலீட் பட்டன் இருக்கக் கூடாது. கேன்சல் போதும், அதுவும் அவர் பெயரிலேயே பதிவாகட்டும்.

நண்பரின் ஹோட்டலில் இப்போது ஆளுக்கொரு பின் இருக்கிறது. ஸ்டிக்கரைக் கிழித்தது நான்தான். முதல் மாத ரிப்போர்ட்டில் அதிகமான கேன்சல் யார் பெயரில் இருந்தது தெரியுமா? நண்பர் பெயரில்! தெரிந்தவர்கள் சாப்பிட வந்தால் பில்லைக் கேன்சல் செய்து அனுப்புவது அவர் வழக்கமாம். அந்த 13 பில்களில் எத்தனை அப்படிப் போனவை என்று நான் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

ஹோட்டலோ, பேக்கரியோ, டீக்கடையோ, பில்லிங் சாப்ட்வேர் விற்க ஆள் வந்தால் அழகான மெனு ஸ்கிரீனைப் பார்த்து மயங்காதீர்கள். டெமோவிலேயே இரண்டு யூசர் உருவாக்கச் சொல்லுங்கள். ஒருவர் பெயரில் பில் போட்டு, இன்னொருவர் பெயரில் அதைக் கேன்சல் செய்யச் சொல்லுங்கள். பிறகு இரண்டு பெயரும், நேரமும், காரணமும் எந்த ரிப்போர்ட்டில் வருகிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியவில்லை என்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுங்கள்.