வெட்டிய காசு எங்கே, ஐயா?

பெருந்தோட்டத் துறைக்குப் பொறுப்பான மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

கலஹாவிலிருந்து எழுதுகிறேன். நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். ஊரில் எனக்கு இன்னொரு வேலையும் உண்டு, தோட்டத்து ஆட்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது. தொழில் அலுவலகம், தோட்டத்தின் தலைமை அலுவலகம், தங்கள் அமைச்சு, தங்களுக்கு முன்னிருந்தவர்களின் அமைச்சு என்று ஒரு முகவரி விடாமல் பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று. தபால் கந்தோர் தந்த சிட்டைகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உருப்படியான பதில்தான் இல்லை. ஆகவே இம்முறை தபால் செலவை மிச்சம் பிடித்துக்கொண்டு எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

சட்டம் எதையும் எடுத்துச் சொல்லப் போவதில்லை. சேமலாப நிதி என்றால் என்ன, எந்தத் திகதிக்குள் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் யாரை நீதிமன்றத்தில் நிறுத்தலாம் என்பதெல்லாம் தங்களுக்குத் தெரியும். ஒரே ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அவர் கொழுந்து பறித்தவர். கலியாணத்துக்கு முன்பே பேர் பதிந்து, நாற்பது வருடத்துக்கு மேல் ஒரே தோட்டத்தில் மலை ஏறி இறங்கியவர். எந்தத் தோட்டம், எந்த நிர்வாகம் என்று இங்கே எழுதவில்லை. எழுதினால் நாளைக்கே லயத்துக் கதவைத் தட்டுவார்கள். சம்பளச் சிட்டைகளை ஒன்றுவிடாமல் மாலிபன் பிஸ்கட் டின்னுக்குள் அடுக்கி வைத்திருக்கிறார். எழுத வாசிக்கத் தெரியாத மனுஷி, ஆனால் கடதாசியின் மதிப்புத் தெரிந்தவர். பழைய சிட்டைகளில் மை மங்கிவிட்டது. என்றாலும் வெயிலில் பிடித்தால் வாசிக்கலாம். மேலே மொத்தச் சம்பளம். அதற்குக் கீழே வெட்டுகள்: அட்வான்ஸ், தேயிலைத்தூள், கோயில், சங்கச் சந்தா, சேமலாப நிதி.

கோயிலுக்கு வெட்டிய காசு கோயிலுக்குப் போனது, வருஷா வருஷம் தேர் ஓடியது. சந்தா சங்கத்துக்குப் போனது. ஒரு மாதம் பிந்தினால் தலைவர்மார் சும்மா இருப்பார்களா? தேயிலைத்தூளுக்கு வெட்டியதற்குத் தூள் கிடைத்தது, கோப்பிச் சட்டியில் வறுத்த வாசம் அடித்தாலும். சேமலாப நிதிக்கு வெட்டியது மட்டும் தோட்டத்து ஆபீசுக்கும் கொழும்புக்கும் நடுவில் எங்கேயோ இறங்கிவிட்டது. ஓய்வுபெற்று, விண்ணப்பம் போட்டு, கணக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. மாதக்கணக்கில், சில இடங்களில் வருஷக்கணக்கில், வெறும் வெற்றிடம். சிட்டையைப் பார்த்தால் அந்த மாதங்களிலும் வெட்டியிருக்கிறார்கள்.

"மாஸ்டர், வெட்டுனது நெசந்தானே? நான் ஒன்னும் கனாக் காணலியே?" என்று கேட்டார். நிஜம்தான் என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. தங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

தோட்டத்து ஆபீசில் முதலில் சொன்ன பதில், மரம் விற்ற காசு வந்ததும் தருகிறோம் என்பது. மரம் வெட்டினார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் நட்ட மரங்கள், இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாதவை. லொறி லொறியாக எங்கள் பாதையால்தான் இறங்கின. மரமும் போயிற்று, பாதையும் போயிற்று, காசு வரவில்லை. அடுத்த பதில்தான் முத்து. சேவைக்காலக் காசு வேண்டுமென்றால் லயத்துக் காம்பராவைக் காலி பண்ணிச் சாவியைக் கொடுக்க வேண்டுமாம். அந்தக் காம்பராவில் இருப்பது மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். மருமகள் இன்றைக்கும் அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள், அவளுடைய சிட்டையிலும் அதே வெட்டு விழுகிறது. கிழவி தன் காசைக் கேட்டால் மொத்தக் குடும்பமும் நடுரோட்டுக்கு வர வேண்டும். இதை யோசித்துக் கண்டுபிடித்தவர் யாரோ, அவருக்கு ஒரு விருது கொடுங்கள்.

எழுத்தில் ஒரு பதில் வந்ததையும் மறைக்கக் கூடாது. சிங்களத்தில் இருந்தது. பக்கத்துக் கடை முதலாளியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னோம். உங்கள் விடயம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது என்று எழுதியிருக்கிறதாம். அவர் வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார், பாவம், அவருக்கே வெட்கமாக இருந்தது.

ஐயா, தேயிலையைப் பச்சைத் தங்கம் என்று மேடையில் சொல்லாத அமைச்சரை நான் கண்டதில்லை. சொன்னதும் நாங்களும் கை தட்டிவிடுகிறோம். நிஜத் தங்கம் தோண்டிய தமிழர் ஊரொன்றின் கதையை அந்த மேடைகளில் யாரும் சொல்வதில்லை. கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் அது. 1880இல் ஜோன் டெய்லர் கம்பனி அங்கே இறங்கியது. இங்கே எங்களுக்கு மேலே லூல்கந்துரவில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்டவரும் ஒரு டெய்லர்தான், ஜேம்ஸ் டெய்லர். அவருக்கும் அந்தக் கம்பனிக்கும் உறவில்லை. உறவெல்லாம் ஆட்களுக்குள்தான். சேலத்திலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் சுரங்கத்துக்குப் போனார்கள், சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் மலைக்கு வந்தார்கள். அங்கே போனவன் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீற்றருக்கும் கீழே இறங்கினான். இங்கே வந்தவன் மேலே ஏறினான்.

நூற்றிருபது வருடத்தில் கோலாரிலிருந்து ஏறத்தாழ 800 டன் தங்கம் வெளியே வந்தது. ஆரம்பத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் 40 கிராமுக்கு மேல் கிடைத்தது, கடைசிக் காலத்தில் 3 கிராமுக்கு வந்துவிட்டது. 1956இல் அரசு எடுத்தது. 1972இல் பாரத் கோல்ட் மைன்ஸ் ஆயிற்று. 2001 பெப்ரவரி 28ஆம் திகதி மூடினார்கள். மிஞ்சியது காற்றடித்தால் வீட்டுக்குள் வருகிற சயனைட் மண்மேடு, சுரங்கத்துத் தூசி தின்ற நுரையீரல், விடிய முன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு ஓடுகிற பிள்ளைகள்.

அந்த அரசை நான் மெச்ச வரவில்லை. ஆனால் அங்கே பாறையில் பொன் குறைந்தது என்று சொல்ல ஒரு காரணமாவது இருந்தது. மூடியதற்கு ஒரு திகதி இருந்தது. அந்தத் திகதியைப் பிடித்துக்கொண்டு தொழிலாளி நீதிமன்றப் படியேற முடிந்தது. இங்கே எதைப் பிடித்துக்கொண்டு ஏறுவது? தோட்டம் திறந்துதான் இருக்கிறது. காலையில் பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுகிறார்கள். ஆபீசில் விளக்கு எரிகிறது. பெயர்ப்பலகைக்கு வண்ணம்கூட அடித்தார்கள். மலையில்தான் தேயிலையைத் தேட வேண்டியிருக்கிறது. மானாப்புல்லுக்கு நடுவே, கவ்வாத்துக் காணாமல் ஆளுயரத்துக்கு வளர்ந்து மரமாகி நிற்கிறது.

தேயிலை என்ன, தோண்டத் தோண்டத் தீர்கிற சரக்கா? வேளைக்குக் கவ்வாத்து வெட்டி, புல்லைச் செருக்கி, உரம் வைத்து, செத்த செடிக்குப் பதில் புதுச்செடி நட்டால் நூறு வருடமும் கொழுந்து தரும். 2021இல் இரசாயன உரத்தைத் திடீரென்று நிறுத்தினார்கள். 2013இல் 340 மில்லியன் கிலோ விளைந்த நாட்டில் 2022இல் 251 மில்லியன்தான். இப்போது எல்லா நஷ்டத்துக்கும் அந்த உரத்தடையைக் காட்டுகிறார்கள். நான் சொல்லும் தோட்டத்தின் மலைகள் உரத்தடைக்கு முன்பே உரத்தின் வாசம் மறந்தவை. அரச நிர்வாகத்துத் தோட்டங்களின் சேமலாப நிதி நிலுவை பாராளுமன்றத்தில் பேசிப் பேசிப் புளித்த விடயம். பேசியவர்களில் சிலர் பிறகு அமைச்சராகவும் ஆனார்கள். ஆனதும் அவர்களுக்கும் அந்த விடயம் "கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது".

கோலாரை மூடிய அதே 2001இல் ஹந்தானையில் கைவிடப்பட்டுக் கிடந்த தேயிலைத் தொழிற்சாலையைச் சீராக்கி அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். நல்ல காரியம்தான், பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன். டெய்லர் ஐயாவின் பொருட்களைத் துடைத்துக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அவரையும் கடைசியில் தோட்டத்துக் கம்பனி, அவர் உண்டாக்கிய தோட்டத்தை விட்டே போகச் சொன்னது. போகவில்லை, 1892இல் அங்கேயே செத்தார். அவருடைய சவப்பெட்டியைத் தோளில் சுமந்து, அந்த மலையிலிருந்து கண்டி மஹியாவை மயானம் வரைக்கும் நடந்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். துரைக்குச் செய்ய வேண்டியதை அவர்கள் பாக்கி வைக்கவில்லை. அந்த வழிவந்த ஒரு கிழவிக்கு நீங்கள் வைத்திருக்கிறீர்கள். வேண்டுமானால் அவருடைய பிஸ்கட் டின்னையும் அருங்காட்சியகத்துக்கு வாங்கிக்கொள்ளுங்கள். டிக்கட் விற்றாவது அந்தக் கடனை அடைக்கலாம்.

இப்போது அவர் என்ன செய்கிறார் தெரியுமா? மரக்கறித் தோட்டமொன்றில் அன்றாடக் கூலிக்குக் களை பிடுங்குகிறார். முட்டி மடங்காது, அதனால் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து பிடுங்குகிறார். அங்கே பின்னேரம் நாலரைக்கு எண்ணிக் கையில் காசு கொடுத்துவிடுகிறார்கள். வெட்டு எதுவும் இல்லை. "இந்த மொதலாளி நல்லவரு மாஸ்டர், சொன்ன காசைக் குடுத்துர்றாரு" என்கிறார். ஒரு அரசாங்கத்தைவிட நாலு பாத்தி கரட் போட்ட மனிதனை அவர் நம்புகிறார். இதைக் கேட்டு உங்களுக்குக் கூசவில்லையென்றால் நான் எழுதி என்ன பயன்?

என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். குழு வேண்டாம். ஆய்வு வேண்டாம். இருநூறு வருட உழைப்பைப் போற்றும் விழா வேண்டவே வேண்டாம், அதற்கு எங்களிடமே சந்தா கேட்பார்கள். ஒரு மனுஷியின் சம்பளத்திலிருந்து எடுத்த காசை அவர் உயிரோடு இருக்கும்போதே கொடுங்கள். காம்பராச் சாவியைப் பணயம் கேட்கிறவரை ஒரு மாதம் அந்தக் காம்பராவில் குடியிருக்கச் சொல்லுங்கள். மருமகளின் சிட்டையில் இந்த மாதம் விழுந்த வெட்டு எங்கே போனது என்று நாளைக் காலையில் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துக் கேளுங்கள். அதற்குக் கூடவா நிதி ஒதுக்கீடு வேண்டும்?

நேரில் பார்க்க நினைத்தால் வழி சுலபம். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குள்ளால் போகிற பாதைக்குப் பெயரே கலஹா வீதிதான். படித்தவர்கள் நடமாடும் இடம் வரைக்கும் நன்றாக இருக்கும், பிறகு லொறிகள் விட்டுவைத்த பாதை. கலஹா கடைவீதியில் மனு எழுதும் வாத்தியார் வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். மாலை, மேளம் எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அதில் எங்களுக்குப் பழக்கம் உண்டு. நீங்கள் காசோலைப் புத்தகத்தை மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
கலஹாவிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியன்