ஈனுமுன் இடும் இரை

பழனி மலைத்தொடரில் ஆடு வளர்ப்பைக் குறித்துப் பேசுவோர் ஆட்டின் இனத்தையும் சந்தை விலையையும் பற்றி விரிவாகப் பேசுகிறார்களேயன்றி, சினைக்காலத்தின் கடைசி ஆறு வாரங்களைப் பற்றிச் சிந்திப்போர் அரியர். தாயின் உயிரும், குட்டியின் உயிரும், பின்னர்க் கறக்கவிருக்கும் பாலும் ஒருங்கே நிர்ணயமாவது அந்த நாட்களிலேதான்.

வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். கருவின் வளர்ச்சியில் பெரும்பகுதி நிகழ்வது இறுதியில். இரண்டு மூன்று குட்டிகள் வயிற்றிலிருந்தால் அவை தாயின் இரத்தத்திலுள்ள குளுக்கோசை இடையறாது ஈர்க்கின்றன. விரிந்த கருப்பை இரைப்பையை நெருக்குவதால் தாயால் முன்போல் தழை தின்னவும் இயலுவதில்லை. தேவை ஏறி இரை குறையவே, தாய் தன் உடற்கொழுப்பைக் கரைக்கத் தொடங்க, அதனைக் கல்லீரல் முற்றும் எரிக்க மாட்டாமல் கீட்டோன்கள் என்னும் பொருள்கள் இரத்தத்தில் மிகுகின்றன; இதுவே கீட்டோன் நோய். ஆடு மந்தையை விட்டு ஒதுங்கி நிற்கும். பல்லை நறநறவென்று கடிக்கும். கண் திறந்திருந்தும் பார்வையற்றதுபோல் சுவரில் முட்டும். மூச்சில் ஒருவகை இனிப்பு நாற்றம் வீசும். இந்நிலைக்கு வந்தபின் வைத்தியத்தால் பிழைப்பவை குறைவு. மெலிந்த ஆட்டுக்கு மட்டுமன்றி, மிகக் கொழுத்த ஆட்டுக்கும் இந்த அபாயம் உண்டு.

மலையின் சுபாவம் இதனைக் கடுமையாக்குகிறது. பூம்பாறை, மன்னவனூர் போன்ற மேல்மலைப் பகுதிகளில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி புல்லைக் கருக்குகிறது. குளிரைத் தாங்கவே உடல் கூடுதல் சக்தியைச் செலவிடுகிறது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்மலைக் காப்பித் தோட்டங்களில் கல்யாணமுருங்கைத் தழை கிடைக்கிறது. அது புரதம் தருமேயன்றி, அந்நாட்களின் சக்தித் தேவையைத் தனித்து நிறைவேற்றாது.

ஆதலின் உடைத்த மக்காச்சோளமோ கம்போ, தவிடும் சிறிது புண்ணாக்கும் கலந்து, கைப்பிடியளவில் தொடங்கி, படிப்படியாக நாளொன்றுக்குக் கால் கிலோ வரை உயர்த்துவது அவசியம். ஒரேயடியாகத் தானியத்தைக் கொட்டினால் வயிறு புளித்து ஆடு மடியும். ஈன்றவுடன் வெல்லம் கரைத்த வெதுவெதுப்பான நீர் கொடுப்பது களைப்பாற்றும் நல்ல வழக்கம். எனினும் அச்சர்க்கரையின் பெரும்பகுதி இரைப்பையிலேயே புளித்துவிடுவதால், கீட்டோன் நோய்க்கு அதுவே மருந்தாகாது. அதற்கு மருத்துவர் தரும் புரப்பிலீன் கிளைக்கால், கல்லீரலில் குளுக்கோசாக மாறிப் பயன்படுகிறது. அன்றியும், பால் சுரப்பு உச்சத்தை நெருங்கும் ஈற்றுக்குப் பிந்திய வாரங்களிலும் தீவனத்தைக் குறைத்தலாகாது.

மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இயங்கி வருகிறது. இரட்டைக் குட்டி சுமக்கும் செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் கீட்டோன் நோய் ஒன்றே. ஆகவே அங்கே செம்மறிக்கென்று பேணப்படும் சாஸ்திர அறிவு வெள்ளாடு வளர்ப்போர் வீட்டு வாசலுக்கும் வருதல் வேண்டும். 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டம் ஏழைப் பெண்களுக்குத் தலா நான்கு ஆடுகளை அளித்தது. ஆட்டைக் கொடுப்பதோடு அரசின் கடமை முடிந்துவிடுவதில்லை. நாளொன்றுக்குக் கால் கிலோ வீதம் ஆறு வாரங்களுக்கு ஓர் ஆட்டுக்குத் தேவைப்படுவது அதிகபட்சம் பத்தரைக் கிலோ தீவனம். அதனைக் கால்நடை மருந்தகத்தின் வழியே சினையாடு வைத்திருக்கும் ஏழை வீட்டுக்கு உரிய காலத்தில் சேர்ப்பித்தால், தாயையும் குட்டிகளையும் ஒருங்கே இழக்கும் பெருநஷ்டத்தினின்று அக்குடும்பம் காக்கப்படும். அரசு தான் கொடுத்த செல்வத்தைக் காப்பதற்கு இதைவிடச் சிக்கனமான வழி வேறில்லை.