நோயாளியிடம் மட்டும் கேட்கப்படும் கணக்கு

ஐக்கிய அமெரிக்காவின் இரு பெருங் கட்சிகளும் அரசாங்கச் செலவு, துப்பாக்கிச் சட்டம், மருத்துவ வசதி என்னும் மூன்றையும் பற்றி ஓயாது வாதிட்டுக்கொண்டிருக்கின்றன. அவ்வாதங்களை நம்மிடையே உள்ள முற்போக்காளர் இரு விதமாக நோக்குகின்றனர். ஒரு சாரார் அவற்றைச் சேவற்சண்டை பார்ப்பது போலப் பார்த்து, தமக்குப் பிடித்த சேவல் வென்றால் மகிழ்ந்தும் தோற்றால் வருந்தியும் பொழுது போக்குகின்றனர். மற்றொரு சாரார், இரண்டும் முதலாளி வர்க்கத்தின் கட்சிகளே, ஒன்று அதன் வலக்கை, மற்றது இடக்கை, அவற்றின் சண்டையில் நமக்கென்ன வேலை என்று கூறித் தம் கடமை முடிந்ததாக எண்ணிவிடுகின்றனர். முதற் சாராரின் நோக்கு மேலோட்டமானது என்பதை நிறுவ அதிகம் பேச வேண்டியதில்லை. இரண்டாம் சாராரின் கூற்று ஆழமானது போலத் தோன்றுவதனால் அதனையே நாம் சற்று விரிவாக ஆராய வேண்டியுள்ளது.

இவ்வாதங்கள் எல்லாம் அரசாங்கத்தின் அளவைப் பற்றியன என்றே வழக்கமாகக் கூறப்படுகிறது. அரசாங்கம் சிறிதாக இருக்க வேண்டும், செலவு குறைய வேண்டும், தனிமனித சுதந்திரம் காக்கப்பட வேண்டும் என்பது குடியரசுக் கட்சியின் கூற்று. நலிந்தோரை அரசாங்கம் தாங்க வேண்டும் என்பது ஜனநாயகக் கட்சியின் கூற்று. இது உண்மையாயின், சிறிய அரசாங்கத்தை விரும்புவோர் எச்செலவு வந்தாலும் "காசு எங்கே?" என்று ஒரே குரலிற் கேட்டிருக்க வேண்டும். வரலாறு அவ்வாறு கூறவில்லை.

1998 முதல் 2001 வரையான நான்கு நிதியாண்டுகளில் அமெரிக்க அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டத்தில் மிச்சம் இருந்தது. 2001இலும் 2003இலும் வரிகள் குறைக்கப்பட்டன. அவற்றின் பெரும் பயன் செல்வரைச் சேர்ந்தது. 2003இல் ஈராக் மீது போர் தொடுக்கப்பட்டது. அப்போரின் செலவு பல ஆண்டுகளாக வழமையான வரவு செலவுத் திட்டத்துக்கு வெளியே, அவசரச் செலவு என்ற பெயரில் ஒதுக்கப்பட்டது. இராணுவத்துக்கான அதிகாரச் சட்டம் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஓர் ஆண்டும் தவறாது நிறைவேறி வருகிறது; பெரும்பாலும் இரு கட்சிகளின் வாக்குகளும் அதற்குக் கிடைக்கின்றன. அங்கே "காசு எங்கே?" என்ற குரல் அடங்கிப் போகிறது.

2025 ஜூலை 4ஆம் திகதி கையொப்பமிடப்பட்ட சட்டத்தைப் பாருங்கள். 2017இல் கொண்டுவரப்பட்ட வரிக்குறைப்புக்களை அச்சட்டம் நிலைப்படுத்தியது. இராணுவத்துக்குச் சுமார் 15,000 கோடி டொலரை மேலதிகமாக ஒதுக்கியது. ஏழைகளுக்கான மெடிக்கெயிட் மருத்துவ உதவியைப் பெருமளவில் வெட்டியது. கொங்கிரசின் சொந்த வரவு செலவு அலுவலகமே இச்சட்டத்தால் 2034ஆம் ஆண்டளவில் மேலும் சுமார் ஒரு கோடிப் பேர் மருத்துவக் காப்புறுதியை இழப்பர் என்றும், அரசாங்கத்தின் பற்றாக்குறை பத்தாண்டுகளில் 3 இலட்சம் கோடி டொலருக்கு மேல் உயரும் என்றும் மதிப்பிட்டது. செலவைக் குறைப்பதே நோக்கமென்றால், ஏழையின் மருந்தைப் பறித்த பின்னரும் கடன் வளர்வது எவ்வாறு? குறைக்கப்பட்டது செலவன்று. செலவின் பயன் ஒரு வர்க்கத்திடமிருந்து எடுக்கப்பட்டு மற்றொரு வர்க்கத்திடம் கொடுக்கப்பட்டது.

இக்கதை நேற்றுத் தொடங்கியதன்று. 1945 நவம்பரில் ஜனாதிபதி ட்றூமன் நாட்டு மக்கள் அனைவருக்குமான மருத்துவக் காப்புறுதித் திட்டமொன்றைக் கொங்கிரசின் முன் வைத்தார். அமெரிக்க மருத்துவச் சங்கம் தன் உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் 25 டொலர் அறவிட்டு, விளம்பர நிபுணரை அமர்த்தி, அத்திட்டத்தை "சமதர்ம மருத்துவம்" என்று தூற்றி வீழ்த்தியது. முதியோருக்கான திட்டமொன்று உருவாகி வந்தபோது, 1961இல் அதே சங்கம் றொனால்ட் றேகன் என்ற திரைப்பட நடிகரின் பேச்சை ஒலித்தட்டாக வெளியிட்டது. வைத்தியர்களின் மனைவியர் தம் அயலவரைக் கோப்பி அருந்த அழைத்து, அத்தட்டைக் கேட்கச் செய்து, கொங்கிரஸ் உறுப்பினருக்குக் கடிதம் எழுதும்படி தூண்டினர். முதியோருக்கு அரசாங்கம் மருத்துவம் அளித்தால் நாட்டின் சுதந்திரமே அழிந்துவிடும் என்பது அப்பேச்சின் சாரம். 1965 ஜூலை 30ஆம் திகதி மெடிக்கெயர், மெடிக்கெயிட் என்னும் இரு திட்டங்களும் சட்டமாயின. அறுபது ஆண்டுகள் கழிந்தும் முதியோருக்கான மெடிக்கெயரை ஒழிப்போம் என்று வெளிப்படையாகக் கூறித் தேர்தலில் நிற்கும் துணிவு எந்தப் பெருங் கட்சிக்கும் இல்லை. அன்று முன்னறிவிக்கப்பட்ட அழிவு எங்கே போயிற்று என்று எவரும் கேட்பதுமில்லை.

கட்சிவாதத்தின் உள்ளீடற்ற தன்மையை 2010ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டம் இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. ஒவ்வொருவரும் காப்புறுதி பெற்றே ஆகவேண்டும் என்ற விதி அச்சட்டத்தின் தூண்களுள் ஒன்றாக இருந்தது. அந்த யோசனையை 1989இல் வெளியிட்டது வலதுசாரிகளின் ஹெரிற்றேஜ் நிறுவனம். 2006இல் மசச்சுசெற்ஸ் மாநிலத்தில் அதனைச் சட்டமாக்கியவர் குடியரசுக் கட்சி ஆளுநர் மிற் றொம்னி. அதே யோசனை ஒபாமாவின் கைக்கு வந்ததும் "சமதர்மம்" ஆகிவிட்டது. இறுதி வாக்கெடுப்பில் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஒருவர் கூட அதனை ஆதரிக்கவில்லை. அச்சட்டத்துக்கு "ஒபாமாகெயர்" என்ற பட்டப்பெயர் சூட்டப்பட்டு, அப்பெயரே எதிர்ப்பின் இலக்காயிற்று. 2017இல் நடத்தப்பட்ட ஒரு கருத்துக்கணிப்பில், அச்சட்டத்தின் உண்மைப் பெயரும் இப்பட்டப்பெயரும் ஒன்றையே குறிக்கின்றன என்பதை ஏறக்குறைய மூவரில் ஒருவர் அறிந்திருக்கவில்லை. மக்கள் அறிவிலிகள் என்று நாம் இதற்குப் பொருள் கொள்ளலாகாது. பொருளை மறைத்துப் பெயரைக் கொண்டு சண்டையிடுவதற்குப் பெரும் பணம் செலவிடப்பட்டது என்பதே இதன் பொருள்.

ஜனநாயகக் கட்சியின் கணக்கையும் நாம் பார்க்க வேண்டும். அவசியமானோர் அரசாங்கத்திடமே காப்புறுதி பெறலாம் என்றிருந்த யோசனை 2009இன் இறுதியில் செனற் சபையிற் கைவிடப்பட்டது. தனியார் காப்புறுதிக் கம்பனிகள் தம் இடத்தில் அசையாது இருந்தன. அரச உதவிப் பணத்தோடு புதிய வாடிக்கையாளரும் அவற்றுக்குக் கிடைத்தனர். இதன் விளைவை எண்கள் கூறுகின்றன. 2023இல் அமெரிக்கா மருத்துவத்துக்குச் செலவிட்ட தொகை சுமார் 4.9 இலட்சம் கோடி டொலர். அது தேசிய உற்பத்தியின் 17.6 சதவீதம். அவ்வளவு செலவிட்டும் அவ்வாண்டில் ஏறக்குறைய 2.6 கோடிப் பேருக்குக் காப்புறுதி இருக்கவில்லை. அவ்வாண்டில் சராசரி ஆயுள் 78.4 ஆண்டுகளாக இருந்தது. பிரான்சும் யப்பானும் தம் உற்பத்தியில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவாகச் செலவிட்டுத் தம் மக்களை எண்பது வயதுக்கு அப்பாலும் வாழவைக்கின்றன. ஆகவே அமெரிக்காவிற் பணம் இல்லை என்பது பொய். பணம் இருக்கிறது. அது நோயாளியின் உடலைச் சேருமுன் பல கைகளில் தங்கிவிடுகிறது.

அக்கைகளுள் ஒன்றைச் சுட்டுவோம். 2003இல் மெடிக்கெயரில் மருந்து வாங்கும் உதவி சேர்க்கப்பட்டபோது, மருந்தின் விலையைப் பற்றி அரசாங்கம் கம்பனிகளோடு பேரம் பேசலாகாது என்று சட்டத்திலேயே எழுதப்பட்டது. உலகின் மிகப் பெரிய மருந்துக் கொள்வனவாளர் தன் வாயைத் தானே தைத்துக்கொண்டார். அச்சட்டத்தை உருவாக்குவதில் முன்னின்ற கொங்கிரஸ் உறுப்பினர் பில்லி டோசின் 2005இல் மருந்துக் கம்பனிகளின் சங்கத் தலைவரானார். சில மருந்துகளுக்கேனும் பேரம் பேசும் உரிமை அரசாங்கத்துக்குக் கிடைக்க 2022 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தொழிலாளிக்கு இவ்வமைப்பு மற்றொரு விலங்கையும் பூட்டியுள்ளது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திற் கூலி உயர்வு கட்டுப்படுத்தப்பட்டபோது, தொழிலாளரைக் கவர்வதற்காக முதலாளிமார் மருத்துவக் காப்புறுதி வழங்கலாயினர். வரிச் சலுகைகள் அவ்வழக்கத்தை நிலைபெறச் செய்தன. அன்று முதல் வேலையை இழப்பவன் மருந்தையும் இழக்கும் அபாயத்தில் வாழ்கிறான். 2019 செப்ரெம்பரில் ஜெனரல் மோட்டோர்ஸ் தொழிலாளர் சுமார் 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்தபோது, கம்பனி உடனே அவர்களுடைய மருத்துவக் காப்புறுதிக்குப் பணம் கட்டுவதை நிறுத்தியது. எங்கும் கண்டனம் எழுந்த பின்னரே சில நாட்களில் அம்முடிவை மாற்றிக்கொண்டது. தொழிலாளியின் பிள்ளைக்குரிய மருந்துப் போத்தல் முதலாளியின் மேசை இழுப்பறையில் இருக்குமானால், அத்தொழிலாளியின் சுதந்திரம் எத்தகையது? சுதந்திரத்தின் பெயரால் பொது மருத்துவத்தை எதிர்ப்போர் இதற்கு விடை கூறுவதில்லை.

துப்பாக்கி விடயத்திலும் இதே நிலைதான். ஆயுதம் தாங்குவது 1791ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் அளித்த புனித உரிமை என்று இன்று முழங்குகின்றனர். 1967இல் கலிபோர்னியாவில் கருஞ்சிறுத்தைகள் கட்சியைச் சேர்ந்த கறுப்பின இளைஞர், பொலிசாரின் கொடுமைக்கு எதிராக ஆயுதம் ஏந்தி வீதியிற் காவல் சென்றனர். உடனே குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்திற் கொண்டுசெல்வதைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. அதிற் கையொப்பமிட்ட ஆளுநர், ஒலித்தட்டிலே சுதந்திரத்துக்காகக் குரல் கொடுத்த அதே றேகன். தேசியத் துப்பாக்கிச் சங்கமும் அச்சட்டத்தை ஆதரித்தது. துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து உரிமையின் புனிதமும் மாறிவிட்டது.

1996இல் கொங்கிரஸ் மற்றொரு காரியம் செய்தது. துப்பாக்கியால் நேரும் மரணங்களை ஆராய்வதற்கு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் செலவிட்டிருந்த 26 இலட்சம் டொலரை அளந்தெடுத்து அதன் வரவிலிருந்து நீக்கி, துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்க இனி அந்நிதி பயன்படலாகாது என்றும் விதித்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வாராய்ச்சி முடங்கிக் கிடந்தது. 2012 டிசெம்பரில் சான்டி ஹூக் ஆரம்பப் பாடசாலையில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை விரிவாக விசாரிக்கும் எளிய யோசனை 2013 ஏப்ரலில் செனற் சபையில் 54 வாக்குகள் பெற்றும், 60 வாக்குகள் தேவை என்ற நடைமுறையால் தோற்றது. 2020 முதல் அமெரிக்கச் சிறுவரையும் இளைஞரையும் கொல்லும் காரணங்களுள் துப்பாக்கியே முதலிடம் பெற்றுள்ளது. அங்குள்ள ஆசிரியர்கள் மாணவருக்கு எழுத்தையும் எண்ணையும் கற்பிப்பதோடு, கதவைப் பூட்டி மேசைக்கடியில் மூச்சடக்கி இருக்கவும் பயிற்றுகின்றனர். வகுப்பறையே வாழ்வாகக் கொண்ட நாம் இதனைச் சேவற்சண்டை என்று பார்த்திருத்தல் தகுமா?

இனி, "இரண்டும் ஒன்றே" என்னும் நண்பர்களிடம் வருவோம். இரு கட்சிகளுக்கும் முதலாளிகள் பணம் கொடுக்கின்றனர் என்பது மெய். இராணுவச் செலவில் இரண்டும் கைகோர்க்கின்றன என்பதும் மெய். ஆயினும் 2017 ஜூலை 28ஆம் திகதி மருத்துவச் சட்டத்தைக் குலைக்கும் பிரேரணை செனற் சபையில் 49க்கு 51 என்ற கணக்கிலேயே தோற்றது. ஜனநாயகக் கட்சியினர் அனைவரும் எதிர்த்து வாக்களித்தனர். குடியரசுக் கட்சியிலிருந்து மூவர் அவர்களோடு சேர்ந்தனர். ஒருவர் மாறியிருந்தால் பல இலட்சம் பேரின் காப்புறுதி பறிபோயிருக்கும். 2025 ஒக்ரோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாட்கள் அமெரிக்க அரசாங்க அலுவலகங்கள் முடங்கியதும் காப்புறுதிக் கட்டணத்துக்கான உதவியை நீடிப்பதா இல்லையா என்ற பிணக்கினாலேயே. உதவி நீடிக்கப்படாமலே அம்முடக்கம் முடிந்தது. வீட்டுக் கூரையிலிருந்து நோக்குபவனுக்கு இவை சிறு வேறுபாடுகளாகத் தோன்றலாம். நீரிழிவுக்காரனுக்கு அவ்வேறுபாடு இன்சுலின் ஊசியாக இருக்கிறது.

அன்றியும், "இரண்டும் ஒன்றே" என்பவர் மக்களைக் காணத் தவறுகின்றனர். மெடிக்கெயிட்டை விரிவாக்குவது மாநிலங்களின் விருப்பம் என்று 2012இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடியரசுக் கட்சி ஆட்சி செய்த பல மாநிலங்கள் விரிவாக்க மறுத்தன. பின்னர் சில மாநிலங்களில் மக்களிடமே நேராக அக்கேள்வி கேட்கப்பட்டது. 2018இல் ஐடஹோ, யூற்றா, நெப்ராஸ்கா. 2020இல் ஒக்லஹோமா, மிசூரி. 2022இல் தென் டகோட்டா. குடியரசுக் கட்சியின் கோட்டைகளாகிய இவை அனைத்திலும் மக்கள் விரிவாக்கத்துக்கே வாக்களித்தனர். மிசூரியில் சட்டசபை அதற்குப் பணம் ஒதுக்க மறுத்தபோது மாநில உயர் நீதிமன்றம் தலையிட்டு 2021இல் மக்கள் தீர்ப்பை நிலைநாட்டியது. கட்சியின் கொடி இல்லாமல் "உன் அயலானுக்கு மருத்துவம் வேண்டுமா?" என்று கேட்டபோது, அதே கட்சிக்கு வாக்களிக்கும் உழவனும் தொழிலாளியும் "வேண்டும்" என்றனர். வர்க்க உணர்வு அங்கே செத்துவிடவில்லை. கட்சிவாதத்தின் இரைச்சல் அதனை மூடி வைத்திருக்கிறது.

நம் வாசகருக்கு இவ்வாதம் அந்நியமானதன்று. 1953இல் இலங்கையில் அரிசி மானியம் வெட்டப்பட்டு, கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தபோதும் "அரசிடம் காசில்லை" என்பதே காரணமாகக் கூறப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தாலில் மக்கள் அதற்கு விடை கூறினர். இலவச வைத்தியசாலையை நாட்டின் சுமையென்று வருணிப்போர் நம்மிடையேயும் இருக்கின்றனர்.

ஆகவே ஆசிரியரும் மாணவரும் இத்தகைய வாதங்களைப் படிக்கும்போது எக்கட்சி வென்றது என்று கேட்டு நின்றுவிடாமலும், எல்லாம் ஒன்றே என்று பத்திரிகையை மடித்து வைத்துவிடாமலும் இருக்க வேண்டும். யாரிடம் கணக்குக் கேட்கப்படுகிறது, யாரிடம் கேட்கப்படுவதில்லை என்பதை ஒவ்வொரு சட்டத்திலும் தேடிப் பார்க்க வேண்டும். நோயாளியிடம் கேட்கும் அதே கணக்கை இராணுவத்திடமும் மருந்துக் கம்பனியிடமும் வரிச்சலுகை பெற்ற செல்வரிடமும் கேட்கும் நாளிலேதான் அரசாங்கச் செலவைப் பற்றிய நேர்மையான வாதம் தொடங்கும். அது வரையில் அக்கேள்வியை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.