பயணச் சிந்தனைகள்: கடைசிப் பெஞ்சில் ஒரு குமாஸ்தா



சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பி அருந்திக்கொண்டிருந்த சமயம், பெரியவர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். அவருக்குப் பின்னால் பதினாறு வயதுப் பையன் ஒருவன் தரையைப் பார்த்தவண்ணம் நின்றுகொண்டிருந்தான்.

“தம்பி, நீங்க ரெயில்வேயிலே இருக்கீக. இவனுக்கு ஏதாவது ஒரு வழி பண்ணுங்க. பத்தாவது பாஸாகி ஆறு மாசமா அவன் சித்தப்பா கடையிலே நிக்கான். சாதாரணப் பயதான், படிப்பு ஏறாது” என்றார்.

பையனுடைய காது சிவந்ததை நான் கண்டேன். இருந்தும், “பார்க்கலாம், அண்ணாச்சி” என்று சொல்லி நழுவிவிட்டேன். ரெயில்வேயில் பதினெட்டு வயது நிரம்பாத பையனுக்கு வேலை இல்லை. நிரம்பிய பின்பும் தேர்வெழுதித்தான் வர வேண்டுமேயன்றிச் சிபாரிசால் வர இயலாது. இந்தச் சிறு விஷயத்தைக்கூடச் சொல்லாமல் வந்துவிட்டேன். கல்யாண் வண்டியில் நின்றுகொண்டு வந்தபோதுதான் உண்மையான காரணம் எனக்கு விளங்கிற்று. “சாதாரணப் பயல்” என்ற சொல் அந்தப் பையனுக்கு மட்டும் உரியதன்று. ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் அதே சொல் என்னைப் பற்றியும் சொல்லப்பட்டது. அன்று நானும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

ஆகவே இம்மாதம் வேறொரு பொருளைப் பற்றி எழுத எண்ணியிருந்ததை ஒத்திவைத்து, என் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்லலாம் என்று துணிந்தேன்.

என் தந்தையார் 1979-ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்து, ஒரு துணி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். 1982 ஜனவரியில் தொடங்கிய ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் அவரைப் போன்ற பல்லாயிரம் பேருடைய பிழைப்பை மாற்றிவிட்டது. ஆலை வேலை போயிற்று. அப்புறம் தாராவியில் ஓர் அறையில் குடியிருந்துகொண்டு, சைக்கிளின் பின்னால் பாத்திரம் கட்டி இட்லி விற்கலானார். விடியற்காலை மூன்று மணிக்கு என் தாயார் அடுப்பு மூட்டுவார். இட்லித் துணிகளை அலசுவதும் பாத்திரம் துலக்குவதும் என் வேலை.

மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை படித்தேன். அங்கே நான் முதல் மாணவனுமல்லன், கடைசி மாணவனுமல்லன். ஆனால் வாயாடி. ஆசிரியர் ஒன்று கேட்டால் இரண்டு சொல்லுவேன். எட்டாம் வகுப்பில் ஆங்கில வழிப் பள்ளிக்கு மாற நேர்ந்தது. முதல் வாரத்தில் ஆசிரியை ஏதோ கேட்டார். விடை எனக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்லும் பாஷை தெரியவில்லை. எழுந்து நின்று தமிழில் தொடங்கிவிட்டேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அன்று மூடிய வாய்தான். பத்தாம் வகுப்பு முடியும் மட்டும் நான் திறக்கவேயில்லை.

பேசாத பிள்ளையை அடக்கமானவன் என்றார்கள். பிறகு மந்தமானவன் என்றார்கள். 52 சதவீத மதிப்பெண்ணுடன் தேறியபோது, என் தந்தையார் பக்கத்து வீட்டாரிடம், “நம்ம பிள்ளை சாதாரணப் பிள்ளை. அவனப் படி படின்னு வருத்தப்படாது” என்றார். அன்பினால் சொன்னதுதான். அக்காமார் இருவருக்குக் கலியாணம் ஆக வேண்டிய காலம் அது. நானும் சந்தோஷமாகவே ஒரு ஜவுளிக் கடையில் மூட்டை பிரிக்கப் போனேன். பிறகு தேர்வெழுதி ரெயில்வேயில் கலாசியாகச் சேர்ந்ததும், சில ஆண்டுகள் கழித்துத் துறைத் தேர்வு எழுதிக் குமாஸ்தாவானதும் தனிக் கதை. உத்தியோகம் வந்தது, குவார்ட்டர்ஸ் வந்தது, குடும்பம் வந்தது. ஆனால் நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கும் தைரியம் மட்டும் வரவில்லை. சங்க மாத இதழில் எழுதுகிறேனே என்கிறீர்களா? எழுதும்போது எதிரே இருந்து யாரும் சிரிப்பதில்லை.

மகாராஷ்டிரத்தில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு ஜூனியர் காலேஜ் என்று பெயர். பத்தாவது தேறியவுடனே பிள்ளைகள் இங்கே “காலேஜுக்கு”ப் போகிறார்கள். சென்ற ஆண்டுக்கு முந்திய ஜூன் மாதத்தில், காரியாலயத்திலிருந்து திரும்பும் வழியில் தாதர் பக்கத்தில் ஓர் இரவு ஜூனியர் காலேஜின் விளம்பரப் பலகையைப் பார்த்தேன். மாலை 6.30 முதல் 9.30 வரை வகுப்பு, வயது வரம்பில்லை. மூன்று நாள் அந்தப் பலகையைக் கடந்து போனேன். நான்காம் நாள் உள்ளே போனேன்.

வகுப்புத் தொடங்கிய அன்று வாசற் காவலர் என் வழுக்கைத் தலையைப் பார்த்துவிட்டு, “பாலக் எல்லாம் வெளியே நிற்க வேண்டும்” என்று மராட்டியில் தடுத்தார். மராட்டியில் “பாலக்” என்றால் பிள்ளையைப் பெற்றவர், காப்பாளர். நம் தமிழில் பாலகன் என்றால் சிறுவன். இந்த வயதில் நான் எந்தப் பாஷைப் பாலகன் என்று எனக்கே ஒரு கணம் விளங்கவில்லை. “நானும் மாணவன்தான்” என்று சொல்லி, கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

சுற்றிலும் பார்த்தேன். மோட்டார் சைக்கிளில் வீடு வீடாக உணவு கொண்டு கொடுக்கும் இளைஞன். வங்கி ஒன்றில் பியூனாக இருப்பவர். நான்கு வீடுகளில் சமையல் செய்துவிட்டு வரும் நாற்பது வயது அம்மையார். எல்லோருமே எங்கோ ஓரிடத்தில் “சாதாரணம்” என்று முத்திரை குத்தப்பட்டவர்கள்.

இந்தப் படிப்பு மராட்டிய மண்ணுக்குப் புதிதன்று. உழைக்கும் மக்களுக்காக ஜோதிராவ் புலே 1855-இலேயே புனேயில் இரவுப் பள்ளி நடத்தினார். டாக்டர் அம்பேத்கர் 1946-இல் இந்நகரில் சித்தார்த்தா கல்லூரியை நிறுவியபோது, வேலைக்குப் போகிறவர்களும் படிக்க இயலுமாறு காலை நேரத்தில் வகுப்புகள் வைத்தார். உழைத்துக் களைத்தவனுக்கும் புத்தி உண்டு என்று நம்பியவர்கள் கட்டிய வழியில்தான் நாங்கள் நடந்துகொண்டிருந்தோம்.

முதல் இரண்டு மாதம் நான் பேசவில்லை. ஒரு நாள் பொருளாதார வகுப்பு. “தேவை” என்பதற்கு ஆசிரியர் விளக்கம் தந்தார். ஒரு பொருளின் மேல் விருப்பம் இருந்தால் மட்டும் அது தேவையாகாது. அதை வாங்கும் ஆற்றல் வேண்டும். அதற்காகப் பணத்தைக் கொடுக்க மனமும் வேண்டும். மூன்றும் கூடினால்தான் பொருளாதாரத்தில் அதற்குத் தேவை என்று பெயர். பிறகு விலை ஏறினால் தேவை குறைவதைச் சொல்லி, “யாராவது கண்ணால் கண்ட உதாரணம் ஒன்று சொல்லுங்கள், எந்தப் பாஷையில் வேண்டுமானாலும் சொல்லுங்கள்” என்றார். யாரும் எழவில்லை. அவர் பார்வை என்மேல் வந்து நின்றது.

எழுந்தேன். எட்டாம் வகுப்பின் சிரிப்பு காதில் கேட்டது. என் தந்தையார் இட்லி விற்றவர் என்பதைக் காரியாலயத்தில்கூட நான் சொன்னதில்லை. அன்று, அரை மராட்டியிலும் அரை இந்தியிலுமாகச் சொன்னேன். ஒரு தட்டு இட்லியை 5 ரூபாயிலிருந்து 6 ரூபாயாக அவர் உயர்த்திய வாரம் பாத்திரத்தில் பாதி மிஞ்சியது. கட்டட வேலைக்காரர்கள் இட்லியை விட்டு வடாபாவுக்குப் போய்விட்டார்கள். ஆனால் காரியாலயத்துக்காரர்கள் ஒருவரும் நிறுத்தவில்லை. அவர்களுக்கு ஒரு ரூபாய் பெரிதாகப் படவில்லை.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆசிரியர் கரும்பலகையில் “இட்லி” என்று எழுதி, அதன் எதிரே “வடாபாவ்” என்று எழுதினார். ஒன்றின் விலை ஏறும்போது மக்கள் நாடும் மற்றொன்று பதிலீட்டுப் பண்டம் என்று, அன்றைய பாடம் முழுவதையும் அந்த இரண்டு சொற்களைக் கொண்டே நடத்தினார். என் தந்தையார் வெயிலிலும் மழையிலும் தள்ளிக்கொண்டு போன பிழைப்பு, சுண்ணாம்புக் கட்டியில் எழுதப்பட்டுக் கல்லூரிச் சுவரில் நின்றது. நான் குனிந்துகொண்டு குறிப்பெழுதுவதுபோல் பாவனை செய்தேன். கண்ணில் எழுத்துத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தந்தையாரிடம் இதைச் சொன்னேன். வெகு நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “வெலயக் கூட்டாம இட்லியச் சின்னதாக்கியிருக்கலாம்லே. உங்க அம்மதான் வேண்டாம்னுட்டா. அதையும் உங்க வாத்தியாருகிட்டச் சொல்லு” என்றார். சொன்னேன். ஆசிரியர் அதற்கும் ஒரு பாடம் வைத்திருந்தார்!

அந்த மூன்று நிபந்தனைகளை நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. பதினாறு வயதில் படிப்பின்மேல் எனக்கு விருப்பம் இருந்தது, ஆற்றல் இல்லை. உத்தியோகம் வந்தபின் ஆற்றல் வந்தது, மனம் இல்லை. முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் மூன்றும் ஒன்றுகூடின. நடுவில் இருந்த அத்தனை வருஷங்களிலும் பிறரும் நானும் “இவனுக்குப் படிப்பு ஏறாது” என்றே கணக்கு எழுதிவந்தோம். அது தப்புக் கணக்கு.

என் படிப்பைப் பற்றி அறிந்த நண்பர் ஒருவர், “ராமானுஜன் காலேஜில் தேறினாரா? அவரும் குமாஸ்தாதானே?” என்று என்னைத் தேற்றினார். உண்மைதான். எஃப்.ஏ. தேர்வில் தேறாத ராமானுஜன் 1912-இல் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவானார். 1913 ஜனவரியில் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், தமக்குப் பல்கலைக்கழகப் படிப்பில்லை என்றும், சாதாரணப் பள்ளிப் படிப்பே உண்டு என்றும் தெரிவித்துக்கொண்டார். 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். ஆனால் நண்பர் கண்ட பாடம் வேறு. நான் கண்ட பாடம் வேறு. அத்தகைய மேதைக்கே, தாம் எழுதியதைப் படித்துப் பதில் சொல்லும் மனிதர்கள் உள்ள ஓரிடம் தேவைப்பட்டது. அப்படியிருக்க, இட்லிக்காரர் மகனாகிய எனக்கு அது தேவைப்படாதா?

இதைப் படித்துவிட்டு, நான் ஏதோ குடத்துள் இட்ட விளக்காக இருந்து குன்றின்மேல் ஏறிவிட்டேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சென்ற பருவத் தேர்வில், கணக்குப் பதிவியலில் 100-க்கு 31 வாங்கினேன். தேற 35 வேண்டும். பகல் முழுவதும் கணக்குத் தாள் புரட்டுகிற குமாஸ்தா கணக்கில் தோற்றான்! விடைத்தாளை மடித்துப் பைக்குள் ஒளித்தேன். பை வழக்கம்போல் மனைவியின் கைக்குப் போயிற்று. கல்லூரியை நிறுத்திவிடலாம் என்று பேச்செடுத்தேன். அவள், “நீங்க பாஸ் பண்ணணும்னா தெனம் ராத்திரி பத்தரை மணிக்கு நான் சோத்தைச் சூடு பண்ணுதேன்? போயிட்டு வாற அன்னிக்குத்தான் நீங்க வீட்டிலே நாலு வார்த்தை பேசுதிய. பேசாமப் போயிட்டு வாங்க” என்றாள். அதன்பின் நிறுத்தும் பேச்சில்லை.

ஆம், நான் சாதாரண மாணவன்தான். கல்லூரி என்னிடமிருந்து மறைந்து கிடந்த மாணிக்கம் எதையும் தோண்டி எடுக்கவில்லை. பன்னிரண்டு வயதில் தொலைத்த வாயைத் திருப்பிக் கொடுத்தது, அவ்வளவுதான். இப்போது புரியாவிட்டால், “புரியவில்லை” என்று எழுந்து சொல்லுகிறேன்.

நம் குடும்பங்களில், வீட்டில் ஒரு பாஷை, தெருவில் ஒரு பாஷை, பள்ளியில் ஒரு பாஷை என்று பிள்ளைகள் வளர்கிறார்கள். நடுவில் ஒரு பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டால், புத்தி நின்றுவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாஷை எங்கே தடுக்கிற்று என்று பாருங்கள். பகலில் அனுப்ப வசதியில்லையெனில் இந்நகரில் இரவுக் கல்லூரிகள் உள்ளன. அதற்கும் இயலாதவர்கள், 1989-இல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் வாயிலாக, வீட்டிலிருந்தே பன்னிரண்டாம் வகுப்பு எழுதலாம். அதன்பின் 1985-இல் ஏற்பட்ட இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டமும் படிக்கலாம். விவரம் வேண்டுவோர் சங்கக் கூட்டத்தில் என்னைக் கேட்கலாம். இம்முறை நழுவ மாட்டேன்.

சென்ற மாதம் தரையைப் பார்த்து நின்ற தம்பிக்கு ஒரு வார்த்தை. உன் தகப்பனாரைக் குறை சொல்லாதே. அவர் சொன்னது பயத்தினால். ஜூன் மாதத்தில் இரவுக் கல்லூரிச் சேர்க்கை தொடங்கும். ஒரு மாலை என்னோடு வா, வகுப்பைப் பார். பிடிக்காவிட்டால் வண்டியேறித் திரும்பிவிடுவோம். வாசற் காவலர் என்னை இப்போது தடுப்பதில்லை.

எனக்குப் பிப்ரவரியில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு. கணக்குப் பதிவியல் இன்னும் பயமுறுத்துகிறது. ஆகையால் அடுத்த இதழில் இப்பகுதி வெளிவராது. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.