விறகிலும் தண்ணீர்

சம்பளம் வாங்கின முதல் வாரத்தில் யாருக்கும் சொந்தத் தொழில் ஆசை வருவதில்லை. இருபதாம் தேதிக்கு மேல்தான் வரும். காளான் வளர்க்கலாமா, ஜெராக்ஸ் மெஷின் போடலாமா என்று ஆரம்பிக்கும். 2012-ல் கொங்குப் பக்கம் ஈமு கோழியில் போட்ட பணம் பறந்தது. பறக்கத் தெரியாத அந்தப் பறவை மட்டும்தான் மிச்சம்.

விறகு வியாபாரம் என்றால் மட்டும் சிரிக்கிறார்கள். 'கேஸ் வந்தாச்சே சார்!' வந்தாச்சுதான். 1965-ல் இண்டேன் வந்தது. 2007-லிருந்து தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பே கொடுத்தது. ஆனால், வீட்டு அடுப்பங்கரையை விட்டு வெளியேறின விறகு, கல்யாண மண்டபத்தின் பின்கட்டிலும் பேக்கரியிலும் பிரியாணிக் கடையிலும் போய் உட்கார்ந்திருக்கிறது. பாட்டி கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதுகுழலால் ஊதின சமாசாரம், இன்று 'விறகடுப்பு பிரியாணி' என்று போர்டு மாட்டிக்கொண்டு கூடுதல் காசு வாங்குகிறது.

சரக்குக்கும் பஞ்சமில்லை. சவுக்கு ஆஸ்திரேலியாப் பக்கத்து மரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டுமென்று நம் கடற்கரையோரம் வளர்த்தார்கள். எஞ்சின் போயிற்று, மரம் நின்றுவிட்டது. நாலைந்து வருஷத்தில் வெட்டலாம். சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த விருந்தாளி. போகச் சொன்னாலும் போகாது. நன்றாக நின்று எரியும்.

அப்புறம் என்ன, லாபம்தானே என்கிறீர்களா? பாலில் தண்ணீர் கலந்தால் சண்டை போடுகிறோம். விறகில் இயற்கையே கலந்து வைத்திருக்கிறது. பச்சை மரத்தின் எடையில் பாதி வரைகூடத் தண்ணீர் இருக்கும். 45 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். அப்படி 1,000 கிலோ வாங்கி, ஈரம் 20 சதவிகிதமாகும் வரை காயப் போட்டால், கையில் நிற்பது சுமார் 690 கிலோ. மீதி 310 கிலோ ஆவியாகி ஆகாயத்துக்குப் போயிருக்கும். அதற்கும் நீங்கள் பணம் கொடுத்திருக்கிறீர்கள்! கணக்குக்காக, கிலோ 5 ரூபாய்க்கு வாங்கினதாக வைத்தால், காய்ந்ததைச் சுமார் 7 ரூபாய் 25 காசுக்கு விற்றால்தான் அசல். காய வைக்கிற இடத்து வாடகை, கூலி, வண்டிச் சத்தம் எல்லாம் தனி.

எங்கள் பேட்டை விறகுத் தொட்டி அண்ணாச்சியிடம் கேட்டேன், 'காய வச்சுத்தானே விக்கணும் அண்ணாச்சி?'

'காய வச்சா எடை போயிரும் தம்பி. அந்தத் தெருக்காரன் பச்சையை ஆறு ரூவாய்க்குக் குடுக்கான். நான் எட்டு சொன்னா, கொள்ளைக்காரன்னு சொல்லிட்டுப் போறாவ.'

யார் கொள்ளைக்காரர்? பச்சை விறகு தன் சூட்டில் ஒரு பங்கைத் தன் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே செலவழிக்கும். ஒரு கிலோ காய்ந்த விறகு, ஒரு கிலோ பச்சையைப்போல ஒன்றரை மடங்கு சூடு கொடுக்கும். ஆறு ரூபாயும் எட்டு ரூபாயும் என்றால், ஒன்றரை மடங்குகூட இல்லை ஐயா, ஒன்றே மூன்றில் ஒரு பங்குதான்! எட்டு ரூபாய்தான் மலிவு. ஆனால் தராசுக்குச் சூடு தெரியாது. எடை மட்டும்தான் தெரியும். ஆக, ஒழுங்காகக் காய வைக்கிறவன் தராசில் தோற்கிறான்.

அண்ணாச்சி கண்டுபிடித்த வழி இது: 'முதலாளி பில்லைத் தொடுதவர். சமையல்காரர்தான் விறகைத் தொடுதவர். புகையில வேகுறது அவரு கண்ணும் நெஞ்சும். அவருக்கு ஒரு கட்டு சும்மா எரிச்சுப் பாக்கக் குடுப்பேன். அப்புறம் அவரே முதலாளிகிட்ட சண்டை போடுவாரு.'

வாங்குகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. ரெண்டு கட்டையை மோதிப் பாருங்கள். 'டங்' என்றால் காய்ந்தது. 'தொப்' என்றால் தண்ணீர். வெட்டு முனையில் வெடிப்பு ஓடியிருந்தால் நல்ல அடையாளம். பெயின்ட் அடித்த பழைய ஜன்னல், பிளைவுட் துண்டுகளைக் கலந்தால் அப்படியே திருப்பி அனுப்புங்கள். அந்தப் புகை விஷம்.

இவ்வளவு படித்தும் ஆசை விடவில்லையென்றால் கடைசியாக ஒன்று. சித்திரை வெயிலில் வாங்கிக் காய வைத்து, கொட்டகையில் அடுக்கினால்தான் ஐப்பசி மழையில் தீபாவளிப் பலகாரக்காரருக்குக் கொடுக்க முடியும். ஆடியில் கல்யாணம் கிடையாது, மார்கழியிலும் கிடையாது. ஹோட்டல்காரர் 'அடுத்த வாரம் வாங்க' என்பார். அது எந்த வாரம் என்று சொல்லமாட்டார். எனவே ஆறு மாசச் செலவுக்குக் கையில் காசு வைத்துக்கொண்டு வேலையை விடுங்கள்.

விறகு காய்கிற வரைக்கும் உங்கள் வயிறு காயக் கூடாது.