ரெண்டு கையும் முழுசா இருக்கணுமாம்

போன வாரம் வகுப்பில் பக்கத்து சீட்டுக்காரியிடம் ஒரு அசட்டுக் கேள்வி கேட்டுத் தொலைச்சேன். அவங்க டாக்டர். இங்கே பிரிட்டனில் நாலு வருஷம் ஆஸ்பத்திரி வேலை பார்த்துட்டு, இப்ப என்னோட பொதுச் சுகாதாரம் படிக்கிறாங்க. காது சரியா கேட்காது, ரெண்டு காதிலும் கருவி. "அப்போ இதயத் துடிப்பை எப்படிக் கேட்பீங்க?"ன்னுட்டேன். கோபப்படலை. அவங்க ஸ்டெதாஸ்கோப் சத்தத்தைப் பெருக்கி நேரா காதுக் கருவிக்கே அனுப்புமாம். செல்போன் திரையில் அலையாவும் ஓடுமாம். "உனக்குக் காது மட்டும்தான், எனக்குக் கண்ணும் சேர்த்து"ன்னு சிரிச்சாங்க. எனக்குத்தான் அசடு வழிஞ்சுது :-)

எந்தக் குறைபாடும் தன்னாலேயே ஒருத்தரை மருத்துவம் படிக்க விடாமல் தடுக்காதுன்னு இங்குள்ள மருத்துவக் கவுன்சில் 2019ல் வழிகாட்டியே போட்டிருக்கு. படிச்சு முடிக்கிறப்ப இருக்கவேண்டிய திறமையில் சலுகை கிடையாது. அதை எப்படி அடையறாங்கங்கிறதில்தான் விட்டுக்கொடுப்பு. (இங்கேயும் சொர்க்கம் ஒண்ணும் இல்லை. பாட வீடியோவில் எழுத்து ஓட வைக்கச் சொல்லி அவங்க மூணு மெயில் போட்ட கதை எனக்குத் தெரியும்.)

நம்ம ஊர்ல என்ன நடந்துதுன்னு பாருங்க. அதே 2019ல் வந்த எம்.பி.பி.எஸ் சேர்க்கை விதியில், ரெண்டு கையும் முழுசா, உணர்ச்சியோட, பலத்தோட இருக்கணும்னு எழுதி வெச்சாங்க. பேச்சுக் குறைபாட்டுக்கு இன்னும் வேடிக்கை. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி உயர்கல்வியில் 5% ஒதுக்கீடு உண்டு, ஆனா அதுக்குக் குறைபாடு 40 சதவீதமாவது இருக்கணும். அந்தச் சேர்க்கை விதியோ, பேச்சுக் குறைபாடு 40 சதவீதத்தைத் தொட்டாலே படிக்கத் தகுதியில்லைன்னு சொன்னது. 40க்குக் கீழேன்னா சேரலாம், ஒதுக்கீடு கிடையாதுன்னும் சொன்னது. மாடிக்குப் படி கட்டிட்டு வாசலைச் செங்கல் வெச்சு அடைச்ச கதைதான்!

நீட் எழுதிப் பாஸான பிள்ளைங்க இதுக்காகக் கோர்ட் ஏற வேண்டியிருந்தது. சதவீதத்தை மட்டும் காட்டி விரட்டக்கூடாது, அந்த மாணவரால் படிப்பைச் செய்ய முடியுமான்னு பார்க்கணும்னு உச்ச நீதிமன்றம் அக்டோபர் 2024ல் சொன்னது. அந்த 'ரெண்டு கை' நிபந்தனையையும் பிப்ரவரி 2025ல் தூக்கிப் போட்டது. சந்தோஷம்தான். ஆனா ஒவ்வொரு பிள்ளையும் டெல்லி வரைக்கும் வக்கீல் வெச்சுப் போக முடியுமா? அளக்கிற டாக்டர்கள் மனசு மாறணும். "என்ன இல்லை"ன்னு டேப் வெச்சு அளக்காம, "எந்தக் கருவி கொடுத்தா என்ன செய்வே"ன்னு கேட்கணும். கேட்கிற குழுவில் மாற்றுத்திறனாளி டாக்டர் ஒருத்தராவது உட்காரணும்.

இதை அப்பாகிட்ட போன்ல சொன்னேன். "ஆபரேஷன் டேபிள்ல நீ படுத்திருக்கே, ஒத்தைக் கை டாக்டர் வர்றார். ஒத்துக்குவியா?"ன்னார். நியாயமான கேள்வி. எனக்கும் பயம் வரும், பொய் சொல்ல மாட்டேன். ஆனா எம்.பி.பி.எஸ் முடிச்ச எல்லாருமா கத்தி பிடிக்கிறாங்க? மனநலம் இருக்கு, எக்ஸ்ரே, ஸ்கேன் பார்க்கிற கதிரியக்கவியல் இருக்கு, நோய்க்குறியியல் இருக்கு. சர்ஜன் ஆகலாமாங்கிறது பின்னாடி வர்ற கேள்வி. அதை முதல் நாள் வாசல்லயே கேட்டு அனுப்பிடறோம்.

அப்புறம் வேலூர் மேரி வர்கீஸ் கதையைச் சொன்னேன். சி.எம்.சி.யில் இளம் டாக்டரா இருந்தப்ப, 1954ல் கார் விபத்து. இடுப்புக்குக் கீழே உணர்வே போச்சு. அங்கே இருந்த டாக்டர் பால் பிராண்ட், உட்கார்ந்துகிட்டே செய்யக்கூடிய கை அறுவை சிகிச்சைக்கு அவங்களைத் திருப்பிவிட்டார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளோட மடங்கிப்போன விரல்களைச் சரி பண்ணினாங்க. அப்புறம் நியூயார்க் போய்ப் படிச்சுட்டு வந்து, சி.எம்.சி.யின் மறுவாழ்வு மருத்துவத் துறைக்கே தலைமை ஏற்றாங்க. 1972ல் பத்மஸ்ரீ.

அப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அவங்க அடிபடறதுக்கு முன்னாடியே டாக்டர் ஆயிட்டாங்களேடா"ன்னார்.

அதைத்தான்ப்பா நானும் சொல்றேன்.